நாலு வாய்க்கும் ஒரே பை

ஒண்டிமேட்டில் ஒரு கார் எஞ்சின் ஒரு பொம்பளையின் பேரை விழுங்கிவிட்டது என்று போய்ச் சொன்னால் அங்கே ஒருத்தரும் வாயைப் பிளக்கமாட்டார்கள், "அப்ப என்ன ஃபில்டருங்க போட்டிருந்துச்சு?" என்றுதான் கேட்பார்கள், ஏனென்றால் அது ஃபில்டரே போடாமல் நடந்த தப்பு என்பதும், தப்பைச் செய்தவன் வேதமுத்து மேஸ்திரி என்பதும், அந்தப் பேருக்கு நிச்சயமான மாப்பிள்ளையும் அவனேதான் என்பதும் அந்த ஊர்க் கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும்.

ஒண்டிமேடு கோயமுத்தூருக்குக் கிழக்கே இருக்கிறது. இந்தப் பக்கம் நூல் மில்லு, அந்தப் பக்கம் பட்டறை வீதி, நடுவில் ஒரு சர்ச்சு, சர்ச்சுக்கு எதிரே ராக்கியப்பன் டீக்கடை. மில்லுப் பஞ்சு பறந்து வந்து டீயில் விழும், அதை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிக்கத் தெரியாதவன் அந்த ஊர்க்காரனே இல்லை. அந்தப் பஞ்சுத் தூசியைப் பிடிப்பதற்கு மில்லுக்குள் ஆள் உயரத்துக்குப் பைகள் தொங்கும். அவற்றை இருபத்தாறு வருஷமாகத் தைத்துக் கொடுக்கிறவள்தான் நம்ம பொம்பளை. வயசு நாற்பத்திநாலு. பேர் என்னவென்றால், அழகான பேர்தான், ஆனால் சொல்ல வாய் திறந்தால் காற்றுதான் வரும். அது வருகிற இடத்தில் வரட்டும், அதுவரைக்கும் பைக்காரி என்று வைத்துக்கொள்வோம். ஊரும் அப்படித்தான் வைத்துக்கொண்டது.

வேதமுத்துவுக்கு ஐம்பத்தொன்று, தனிக்கட்டை, பட்டறையே வீடு. கார் சீட்டு கிழிந்துவிட்டது, தைத்துத் தாருங்கள் என்று ஒருநாள் அவள் வாசலுக்கு வந்தான், அதே சீட்டு அதே இடத்தில் பதினாலு தரம் கிழிந்தது, பதினைந்தாம் தரம் அவளே கேட்டுவிட்டாள், "ஏனுங்க, சீட்டுத்தான் கிழியுதா, நீங்க கிழிக்கிறீங்களா?" என்று. அவன், "ம்க்கும்" என்று ஒரு கனைப்புக் கனைத்துக்கொண்டு சீட்டோடு நின்றான். அந்தக் கனைப்பில்தான் கல்யாணம் முடிவானது. முடிவான பிறகும் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கனைப்பான், "இங்க பாருங்க" என்பான், அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

அவளுக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே அண்ணன், ஆசீர்வாதம். பேர்தான் அப்படி, கொடுத்து வழக்கமில்லை. தங்கச்சிக்கு வந்த முதல் சம்பந்தத்தை மாப்பிள்ளைக்கு இடதுகாது பெரிசு என்று தட்டிவிட்டான், இரண்டாவதை அந்த ஊர்த் தண்ணி உப்பு என்று தட்டிவிட்டான். இந்தத் தடவை அவன் தட்டுவதற்குள் அவள் சர்ச்சுக்கே போய்ப் போதகரிடம் பேர் கொடுத்துவிட்டாள். வேதக்காரர் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும், இன்னாரை இன்னாருக்கு நிச்சயம் பண்ணியிருக்கிறது, தடை இருந்தால் சொல்லலாம் என்று, சபையார் காது கேட்க. இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது பாக்கி இருக்கும்போதுதான் எஞ்சின் குறுக்கே வந்தது.

அது ஒரு சிவப்புக் குட்டிக்காரின் எஞ்சின். வருஷத்துக்கு ஒருதரம் மலைப்பாதையில் நடக்கிற பந்தயத்தில் அந்தக் காரை ஓட்டிவிடவேண்டும் என்பது வேதமுத்துவின் ஆயுசு ஆசை. சாதாரண எஞ்சினுக்கு ஒரே தொண்டை, அது காற்றை இழுத்து நாலு சிலிண்டருக்கும் பங்கு வைக்கும், கூட்டுக்குடும்பத்தில் பெரிய மருமகள் சோறு பரிமாறுகிற மாதிரி, கடைசிப் பந்திக்குக் குழம்பு இருக்கும், காய் இருக்காது. வேதமுத்து அந்த ஒற்றைத் தொண்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக நாலு தனித்தொண்டை, த்ராட்டில் என்பார்கள், வைத்து, ஒவ்வொன்றுக்கும் நாதசுரத்தின் அடியில் விரிகிற அணசு மாதிரி ஒரு பித்தளை வாய் வைத்தான். "நாலு அண்ணன் தம்பிக்கும் தனித்தனி அடுப்புங்க. எவனும் எவன் சோத்துக்கும் காத்திருக்க வேண்டாம்" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான்.

அந்த நாலு வாய்க்கும் என்ன ஃபில்டர் போடுவது என்பதில்தான் மூன்று வாரம் போயிற்று. உதிரிபாகக் கடை கலீல் பாய் ஸ்பாஞ்ச் என்றார், லேத்துப் பட்டறைக்காரர்கள் கம்பிவலை என்றார்கள், பஸ் டிப்போவில் ரிட்டையர் ஆனவர் காகிதத்துக்கு மேல் ஒன்று கிடையாது என்றார், ராக்கியப்பன் தன் டீ வடிகட்டுகிற துணியை அவிழ்த்தே காட்டினான், "இருவது வருசமா ஒரு தூள் கீழ எறங்குனதில்லைங்க" என்று. ஒண்டிமேட்டில் ஃபில்டரைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் ஒரே ஒருத்திதான். அவளை யாரும் கேட்கவில்லை, ஆகவே இல்லை. பட்டறைக்கு எதிர்வீட்டு ஜன்னலில் அவள் பாட்டுக்குத் தூசிப்பை தைத்துக்கொண்டிருந்தாள்.

வேதமுத்துவுக்குப் பொறுமை போயிற்று. ஒரு திங்கட்கிழமை சாயந்திரம், ஃபில்டர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஒரு தடவை முடுக்கித்தான் பார்ப்போமே என்று கிளம்பிவிட்டான்.

பட்டறை வீதியில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாகக் கட்டின எஞ்சினை முதல் முதலாக முடுக்குகிறவன் தன் வீட்டு ராசிக்காரி பேரை அதன் வாயில் சொல்லவேண்டும். கோயிலுக்குப் போகிறவனும் சொல்வான், சர்ச்சுக்குப் போகிறவனும் சொல்வான், கலீல் பாயும் சொல்வார். மற்ற வண்டிகளில் அந்தப் பேர் ஃபில்டரின்மேல் படிந்துகொள்ளும், அடுத்த சர்வீசில் தட்டினால் உதிர்ந்துவிடும், சேதாரம் இல்லை. வேதமுத்து இத்தனை வருஷமும் சொல்ல ஒரு பேர் இல்லாமல் எஞ்சின் முடுக்கினவன். அன்றைக்கு எதிர்வாசலில் அவளை நிற்கச் சொல்லிவிட்டு, எஞ்சினை முடுக்கிவிட்டு, நாலு பித்தளை வாய்க்கும் மேலே குனிந்து, கனைத்து, வாழ்நாளில் முதல் தடவையாக அவள் பேரைச் சொன்னான்.

உதடு அசைந்ததை அவள் பார்த்தாள். சத்தம் வரவில்லை. நாலு வாயும் சர்ரென்று ஒரு மூச்சு இழுத்தன, அவ்வளவுதான். "என்னுங்க சொன்னீங்க?" என்று கேட்டாள். அவன் திரும்பி மறுபடி சொல்ல வாயைத் திறந்தான், ஊதுபத்தி அணைக்கிற மாதிரி வெறும் காற்று வந்தது. ராக்கியப்பன் சொல்லிப் பார்த்தான், காற்று. அண்ணன் ஆசீர்வாதம் சொல்லிப் பார்த்தான், காற்று. அவளே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள், கண்ணாடியில் ஆவி படிந்தது.

ஊர் இரண்டே நாளில் பழகிக்கொண்டது. அழுதால் மட்டும் வந்துவிடவா போகிறது? ரேஷன் கடைக்காரர் அவள் முறை வந்தால் தராசுத் தட்டைத் தட்டுவார், மில்லு மேஸ்திரி விசில் அடிப்பார், மாதர் சங்கத்துக்காரிகள் "ஆண்டவரே, உமக்குத் தெரிந்த அந்தச் சகோதரிக்காக" என்று ஜெபம் பண்ணினார்கள். பேர் எழுத்தில் இருந்தது, குடும்ப அட்டையில் பத்திரமாக இருந்தது, மனசுக்குள் படிக்கவும் முடிந்தது. வாய்க்குத்தான் வரவில்லை.

எஞ்சினும் சும்மா இருக்கவில்லை. வேதமுத்து ட்யூனிங்குக்காக அதை முடுக்கும்போதெல்லாம் காற்றில் கிடந்ததை எல்லாம் அது இழுத்தது. ராக்கியப்பன் சுட்ட வடையின் மணத்தை இழுத்தது, வடை இருந்தது, மணம் இல்லை, இரண்டு நாள் யாவாரம் படுத்துவிட்டது. தள்ளுவண்டிக்காரி "கத்திரிக்காயேய்" என்று கூவினதை இழுத்தது. ஒரு கட்சிக்கூட்டத்தில் மைக்கில் பேசின ஒன்றரை மணி நேரப் பேச்சை முழுசாக இழுத்தது, அதற்குக் கூட்டத்திலிருந்து நாலு பேர் வந்து வேதமுத்துவுக்கு மாலை போட்டார்கள். அப்புறம் வீதிக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று, பட்டறையைத் தாண்டும்போது துண்டால் வாயைப் பொத்திக்கொள்வது, ஆளைக் கூப்பிடுவதானால் பட்டறைக்கு முதுகு காட்டிக் கூப்பிடுவது. அதற்கும் அப்புறம் வேண்டாததை எல்லாம் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். தூங்குகிற புருஷனைக் கட்டிலோடு தூக்கிவந்து குறட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள் ஒருத்தி. பதினொரு நாள் விக்கலைக் கொண்டுவந்து கொடுத்தார் ஒரு பெரியவர். கிளி ஜோசியக்காரன் சொன்ன கெட்ட பலனை அவன் சொன்ன மாதிரியே வாயால் சொல்லி எஞ்சினுக்கு ஊட்டிவிட்டு, லேசாக நடந்து போனார் ஒரு வாத்தியார். கோயில் மணிக்கும் பாங்குக்கும் சர்ச்சு மணிக்கும் எஞ்சினை நிறுத்தி வைப்பது என்று பேச்சாகி, வேதமுத்து ஒரு பலகையில் நேரம் எழுதித் தொங்கவிட்டான்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. போதகர் மேடையில் ஓலையைப் பிரித்தார். "ஒண்டிமேடு சபையைச் சேர்ந்த வேதமுத்துவுக்கும், அதே சபையைச் சேர்ந்த..." என்றார், அடுத்து வந்த காற்றில் மெழுகுவத்தி அணைந்தது. இரண்டாம் தரம் சொன்னார், முன்வரிசைப் பெண்கள் முக்காடு பறந்தது. மூன்றாம் தரம் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காதுல விழுகாத ஓலை செல்லாதுங்க" என்று எழுந்தான் ஆசீர்வாதம். சபை மூப்பர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை. அடுத்த ஞாயிறு ஒன்றுதான் இருக்கிறது, அதை விட்டால் லெந்து நாள், நாற்பது நாளைக்குக் கல்யாணம் கிடையாது. நாற்பது நாள் கிடைத்தால் அண்ணன் நாற்பது இடதுகாது கண்டுபிடிப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் ஆசீர்வாதம் பட்டறைக்கே வந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காரின் பக்கத்தில் நின்று, கையை ஆட்டி ஆட்டி, ரொம்ப நேரம் என்னென்னவோ பேசினான். பேசினது எல்லாம் நாலு வாய்க்குள் போய்விட்டது, வேதமுத்துவுக்கு ஒரு சொல் கேட்கவில்லை. பெரிய மச்சான் நல்ல வார்த்தை நாலு சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். ஆசீர்வாதம் தன் மனசை இறக்கிவைத்த திருப்தியோடு போனான்.

அதற்குள் கலீல் பாய்க்கு ஒரு யோசனை. "நாலு தொண்டை வெச்ச எஞ்சினுக்கு ஒரு கெட்ட குணம் இருக்கு மேஸ்திரி. இழுத்ததுல கொஞ்சத்தத் திரும்பத் துப்பும். வெறும் வாயா இருந்தா துப்புனதயே மறுக்கா முழுங்கிக்கும். மூடி வெச்சா மூடியில ஒட்டும். பேரும் ஒட்டுமில்ல?"

கேட்ட உடனே பட்டறை வீதிக்கே உயிர் வந்தது. முதலில் கம்பிவலை போட்டார்கள். வலைக்கண் பெரிசு, கட்சிக்கூட்டப் பேச்சில் இருந்த பெரிய பெரிய சொற்கள் மட்டும் அதில் மாட்டிக்கொண்டு தொங்கின, சின்னது எல்லாம் நழுவிவிட்டது. அடுத்து காகிதம் போட்டார்கள், எஞ்சின் துப்பின பெட்ரோல் சாரலில் அது நனைந்த அப்பளமாகிப் பொத்தல் விழுந்தது. கடைசியில் பாயின் ஸ்பாஞ்ச், வாய்க்கு ஒன்றாக நாலு உறை. அரைமணி நேரம் ஓடவிட்டுக் கழற்றி, ஒவ்வொன்றாக வாளியில் பிழிந்தார்கள். முதல் உறையில் ஏதோ ஒரு சத்தம் வந்தது, யார் பேரென்று தெரியாத கால்வாசிச் சத்தம். இரண்டாவதில் "ம்க்கும்" என்று ஒரு கனைப்பு வந்தது.

"அட, நம்ம மேஸ்திரியேதான்!" என்று ராக்கியப்பன் துள்ளினான். "உள்ளதான் இருக்குதுங்க!"

மூன்றாவதில் ஒரு மூச்சு வந்தது. நாலாவதில் பெட்ரோல்தான் வந்தது. வந்த துண்டுகளை வீணாக்காமல், எஞ்சினை முடுக்கி அதன் வாயிலேயே திரும்ப ஊட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, கூடி நின்றவர்கள் இன்னும் கெட்டி ஸ்பாஞ்சா, இன்னும் மெல்லிசா என்று மறுபடி ஆரம்பித்தார்கள்.

எதிர்வீட்டில் தையல் மிஷின் நின்றது. அவள் வீதியைத் தாண்டி வந்தாள்.

"ஏனுங்க, ஒரு மாசமா ஊரே கூடி ஃபில்டரு ஃபில்டருங்கறீங்க. எதுத்தாப்புல ஒருத்தி இருவத்தாறு வருசமா அதயேதான் தெச்சிட்டு உக்காந்திருக்கா. ஒருத்தருக்காவது கேக்கணும்னு தோணுச்சா?"

பாய் ஸ்பாஞ்சைப் பின்னால் மறைத்தார். வேதமுத்து கனைத்தான்.

"கனைக்காதீங்க, சொல்லறதக் கேளுங்க. ஸ்பாஞ்சு உறிஞ்சிக்கும், விடாது. காயிதம் நனஞ்சா செத்துது. பருத்தித் துணி வேணும், நாலு மடிப்பு, தொட்டும் தொடாம எண்ணெ. அதும் வாயோட ஒட்டிக் கட்டக் கூடாது, ஒரு சாண் எடம் விடணும், இல்லாட்டி அது மூச்செப்புடி விடும்? அப்பறம் மில்லுல மெஷினு பத்து இருந்தாலும் தூசி ரூமு ஒண்ணுதானுங்க. நாலு வாயவும் ஒரு பொட்டிக்குள்ள விட்டு, பொட்டிக்கு ஒரே பை."

வேதமுத்துவின் முகம் விழுந்துவிட்டது. நாலு பித்தளை வாயும் வெயிலில் மின்ன, நாலு தொண்டையும் திறந்து கத்துகிற அந்தச் சத்தத்துக்காகத்தானே அவன் இத்தனை பாடும் பட்டது! "பொட்டி போட்டு மூடிட்டா அந்தச் சத்தம் போயிருமுங்க. தனித்தனியா ஒறை போட்டாத்தான்..."

"தனித்தனியா முழுங்குனதத் தனித்தனியாத் துப்பிட்டுக் கெடக்குது, பாத்தீங்கல்ல? கனைப்பு ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். அது ஒரு பேருங்க. நாலும் ஒரு எடத்துல சேந்தாத்தான் எம்பேரு."

அவன் பித்தளை வாய்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தகடு வெட்டுகிற கத்திரியை எடுத்தான்.

சனிக்கிழமை பூராவும் அவன் அலுமினியத் தகட்டில் பெட்டி அடித்தான், அவள் நாலு மடிப்புத் துணியில் பை தைத்தாள். வெயில் சாயும் முன்னே பொருத்தி முடுக்கினார்கள். சிங்கம் மாதிரி கத்தின எஞ்சின் ஆட்டுக்கல் மாதிரி முனகியது.

"சத்தம் கொறஞ்சு போச்சுங்க" என்றான் வேதமுத்து.

"கொறையட்டும். இன்னிக்குத்தான் நீங்க பேசறது எனக்குக் கேக்குது."

ஒருமணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினார்கள். அவள் பையைக் கழற்றி, உடனே அதன் வாயை நூலால் இறுக்கிக் கட்டினாள்.

"உள்ள இருக்குதான்னு ஒருக்காப் பாத்துக்கலாமுங்க" என்றான்.

"தூசிப்பைய ஒருக்காத்தான் தட்ட முடியும். இங்க தட்டுனா இந்த வீதிலயே போயிரும். போக வேண்டிய எடத்துல போகட்டும்."

மறுநாள் சர்ச்சில் சபை நிறைந்து, ஜன்னல் கம்பியில் வெளியாட்கள் தொங்கினார்கள், ராக்கியப்பன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான், கலீல் பாய் வாசலில் செருப்போடு நின்றார். போதகர் ஓலையைப் பிரித்தார். "வேதமுத்துவுக்கும், அதே சபையைச் சேர்ந்த..." என்று நிறுத்தி, பெண்கள் பக்கம் பார்த்தார். அவள் எழுந்து வந்து பையின் கட்டை அவிழ்த்தாள். தலைகீழாகப் பிடித்து, மில்லில் தட்டுகிற மாதிரியே ஓங்கி ஒரே தட்டுத் தட்டினாள்.

முதலில் வடை மணம் வந்தது, சபைக்கே நாக்கு ஊறிற்று. "கத்திரிக்காயேய்" என்று ஒரு கூவல் மேல்கூரை வரைக்கும் போயிற்று. ஒரு குறட்டை வந்தது, அதற்குச் சொந்தக்காரன் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். பதினொரு நாள் விக்கல் வரிசையாக வந்தது, கட்சிப்பேச்சு வர ஆரம்பித்தது, நல்லவேளை கம்பிவலையில் மாட்டினது போகக் கொஞ்சம்தான் மிச்சம். அதற்குப் பின்னாலேயே ஆசீர்வாதத்தின் குரல், அச்சு அசலாக, சபையார் காது கேட்க வந்தது.

"இங்க பாரு வேதமுத்து, அவ போயிட்டா எனக்கு ஆரு மாவாட்டறது? ஆரு சட்ட தொவைக்கறது? பேரு கெடைக்காத மாதிரி பாத்துக்க. அந்தக் காது பெரிய மாப்பிள்ளயக்கூட நாந்தான் வெரட்டி உட்டேன், அவனுக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

ஆசீர்வாதம் பாட்டுப் புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான், அது தலைகீழாக இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி, "மாவாட்டறதுக்கு மிசினு வந்து முப்பது வருசமாச்சுடா ஆசீர்வாதம்" என்றாள்.

பை ஓய்ந்துவிட்டது. அவள் கையில் வெறும் துணியாகத் தொங்கிற்று. உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். எண்ணெய் ஒட்டியது, வேறொன்றும் இல்லை. வேதமுத்து ஆண்கள் பக்கத்தில் எழுந்தே நின்றுவிட்டான். இன்னொரு தட்டுத் தட்டினால் ஒன்றும் வராது என்று அவளுக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும். ஆனால் மெல்லிசுத் தூசி மட்டும் தட்டினதில் வராது, மடிப்பில் ஒதுங்கியிருக்கும் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மடிப்பைப் பிரித்தபோது, மில்லுப் பஞ்சு எழும்புகிற மாதிரி மெதுவாக எழும்பி, அவள் காதோரமாக வந்து நின்றது.

"ம்க்கும்..." என்றது. "சுகிர்தம்."

வேதமுத்துவின் குரல்தான். பயமும் ஆசையும் கொஞ்சம் பெட்ரோல் வாசமுமாக, ஒரு பங்கு குறையாமல் இருந்தது. அவள் இருக்கிற இடத்தையும் மறந்து, "ஏனுங்க?" என்றாள்.

போதகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "வேதமுத்துவுக்கும், அதே சபையைச் சேர்ந்த சுகிர்தத்துக்கும்" என்று வாசித்தார். காற்று வரவில்லை, மெழுகுவத்தி நின்று எரிந்தது. "இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்" என்று நிறுத்தி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆசீர்வாதத்தைப் பார்த்தார். பாட்டுப் புத்தகம் அசையவில்லை.

லெந்துக்கு இரண்டு நாள் முன்னால் கல்யாணம் நடந்தது. அந்த வருஷம் மலைப்பந்தயத்தில் சிவப்புக் குட்டிக்கார் பெட்டியும் பையுமாக ஓடி ஏழாவதாக வந்தது. நாலு வாயைத் திறந்து போட்டிருந்தால் மூன்றாவது வந்திருப்பாய் என்று லேத்துப் பட்டறைக்காரர்கள் இன்றைக்கும் அவனிடம் சொல்கிறார்கள். வேதமுத்து ஸ்பேனரைக் கீழே வைப்பான். கனைத்துக்கொள்வான், எதிர்ஜன்னல் பக்கம் திரும்புவான், வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும், "சுகிர்தம்" என்று ஒரு குரல் கொடுப்பான். மிஷின் நிற்கும். "ஏனுங்க?" என்று பதில் வரும். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு, மறுபடி ஸ்பேனரை எடுத்துக்கொள்வான்.